குறுக்குக்கட்டை

பத்து நாற்காலியில் ஒன்று கெட்டுப்போய் வந்தது.

உடையவில்லை. விரிசல் இல்லை. முன்கால்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குக்கட்டை. மற்ற ஒன்பதில் அது கிடையாது. அவ்வளவுதான் தகராறு.

"செட்டே போச்சு!" என்றார் இன்டீரியர்காரர். அந்த மாளிகையின் சாப்பாட்டு அறையைத் திரைச்சீலையிலிருந்து விளக்கு வரை அலங்கரித்தவர். "சாயங்காலம் விருந்து. பத்தும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க," என்றார் தச்சர்.

"அப்புறம் ஏன்யா இப்படி?"

தச்சர் விட்டத்தைப் பார்த்தார்.

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்தது. மாதிரிக்குக் கொடுத்தது அவருடைய தாத்தாவின் நாற்காலி. வளைந்த கால், முதுகில் பூங்கொடிச் செதுக்கல். தாத்தா ஆறடிக்கு மேல். நாற்காலியும் அந்த உயரத்துக்குத்தான்.

"எங்க தாத்தா நாற்காலியில கட்டை இருந்துச்சா?"

"இல்லைங்க."

"அப்புறம் உம்ம இஷ்டத்துக்குச் செருகுவீரா? மாடி அலமாரி வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்."

மாடி அலமாரி என்றால் பட்டறைக்கே ஒரு வருஷச் சோறு. தச்சர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரம்பத்தை எடுங்க. நானே அறுத்துடறேன்," என்றார் இன்டீரியர்காரர், தச்சரின் பையிலிருந்து தானே அதை உருவியபடி.

மேஜைவிரிப்பை நீவிக்கொண்டிருந்த வீட்டம்மாள் நிமிர்ந்தார்.

"மொதல்ல எல்லாரும் சத்தத்தைக் குறைங்க. அறுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்துதான் பாருங்களேன். ஏய் மருமகளே, சும்மாதானே நிக்கறே? வந்து உட்காரு. காலை மட்டும் ஆட்டாதே, பார்க்கச் சகிக்கலை."

மருமகள் குள்ளம். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டு நாற்காலிகளில் கால் தொங்கத்தான் சாப்பிடுகிறாள். கொழுந்தன் வைத்த பட்டப்பெயர் 'ஊஞ்சல்'. அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் விருந்து என்றாலே, பசிக்கவில்லை என்று உள்ளே போய்விடுவாள்.

எக்கி உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் கட்டையில் பதிந்தன.

"ஐ! கால் எட்டுது!"

வாசற்படியில் சாய்ந்து நின்ற கணவனைப் பார்த்தாள்.

"எனக்காகவா? நீங்களா சொன்னீங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். "பின்னே? நாற்காலிக் காலைக் குறைக்கச் சொல்லலாம்னுதான் பார்த்தேன். மேஜை உன் மூக்குக்கு வந்துடும். அதான் கட்டை."

"டேய், புளுகாதே," என்றார் மாமனார். "சொன்னது நான்."

"இப்பத்தானே மாமா அலமாரி வேலை கிடையாதுன்னீங்க?"

"அது... சும்மா. உனக்குத் தெரியக்கூடாதுன்னு ஒரு நடிப்பு."

"டிசைன்லயே இருந்ததுதான் மேடம்," என்றார் இன்டீரியர்காரர், ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

தச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மருமகளுக்கும்தான். அப்புறம் மொத்த அறையும் சிரித்தது.

"ஒரே கட்டைக்கு மூணு பேர் சொந்தம் கொண்டாடறாங்க. நீங்க சொல்லுங்கண்ணே, நிஜமா யாரு?" என்று தச்சரைக் கேட்டாள்.

"வாக்குக் கொடுத்துட்டேன்மா. தெரிஞ்சா நீ தலைமேல ஏறி உட்கார்ந்துக்குவியாம்."

"ஆளாளுக்குப் பல்லைக் காட்டினது போதும். விருந்துக்கு நேரமாகுது," என்று வீட்டம்மாளின் அதட்டல் கேட்டது.

போன மாசம் ஒரு மத்தியானம் மருமகள் அசந்து தூங்கும்போது, முழங்காலிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து, முடிச்சுப் போட்டு, பட்டறைக்குத் தானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தவர், அந்த மாமியார்.