ஊதிக் காட்டு

"குடிக்கலன்னா ஊதிக் காட்டுய்யா!" சம்பூர்ணம் புருஷனைக் குழாய்க்கு முன்னால் தள்ளினாள்.

"சத்தியமா வுட்டுட்டேன். ரெண்டு வருஷமாச்சு!" பரணிதரன் கெஞ்சிக்கொண்டே ஊதினான். பெட்டியில் முள் விர்ரென்று ஏறியது.

"பாத்தியா! ஊட்டுப் பக்கம் வராத!"

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடித்து வரும் ஆண்கள் மேல் அடிக்கிற நாற்றத்தில் சாராய வாடை தெரியாது. தொண்ணூற்றாறில் ஆலங்காயம் காட்டோரம் அந்தப் பெட்டி வந்த பிறகுதான் பெண்களுக்கு நிம்மதி. சாயங்காலமானால் புருஷன்களை இழுத்துவந்து வரிசையில் நின்றார்கள். வருஷத்துக்கு வருஷம் வரிசை நீண்டது. ஒருத்தனும் தப்பவில்லை. பாஸ்டர்கூட ஊதி மாட்டிக்கொண்டார்.

ஐந்தாம் வருஷம், பெட்டியை வைத்த சென்னை விஞ்ஞானி வந்து இறங்கினார்.

"சாயங்காலமானா இங்க என்னதான்யா நடக்குது?"

"குடிகாரங்கள புடிக்கிறோம் சார். நம்ம மெஷின் ஒருத்தனையும் வுடாது!" வாட்ச்மேன் ஜோனதன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"அடப்பாவிகளா! இது காத்துல இருக்கிற கரியமில வாயுவ அளக்கிற மெஷின். யார் ஊதினாலும் ஏறும்!"

சம்பூர்ணம் நம்பாமல் தானே ஊதிப் பார்த்தாள். முள் விர்ரென்று ஏறியது.

பரணிதரன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "எத்தினி நாளா?"

விஞ்ஞானிக்கு வியர்த்துக் கொட்டியது. 'உலகத்திலேயே கரியமில வாயு வேகமாக ஏறுவது எங்கள் ஆலங்காயத்தில்தான்' என்று போன மாதம்தான் வெளிநாட்டு மாநாட்டில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தயவுசெஞ்சு இதப் பத்தி யாரும் வெளியில மூச்சு விட்டுடாதீங்க!"