திலகவதியின் நடை

மூட்டு மாற்றி ஏழு மாதமாகியும் மருதாசலத்தின் வலது முழங்கால் வீக்கம் வடியவில்லை. ஐஸ் வைத்தார், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தார், இறுக்கமான காலுறையும் போட்டுப் பார்த்தார். சாயங்காலமானால் முட்டி பன் மாதிரி உப்பிக்கொண்டது.

பிசியோதெரபிஸ்ட் ஹேமலதா மூட்டில் பதிந்திருக்கும் நடையைப் படிக்கும் கருவியை முட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"ஐயா, இது உங்க வீட்டுக்காரம்மாவுக்கு வெச்சிருந்த மூட்டுங்களா?"

"ஆமாங்க. அவ தவறிப் போனப்ப ஆஸ்பத்திரில எடுத்துக் குடுத்தாங்க. அளவு சரியா இருந்துச்சு, நானே வெச்சுக்கிட்டேன்."

"இது இன்னும் அவங்க நடையை மறக்கலைங்க. நீங்க வேகமா எட்டு வெக்கறப்ப இது பின்னால இழுக்குது, அதனாலதான் வீங்குது. நடையை அழிச்சுட்டா பத்து நாள்ல வடிஞ்சிரும். அழிச்சிரலாமுங்களா?"

மருதாசலம் முட்டியைத் தடவினார். கல்யாணமான நாளிலிருந்து கடைவீதியில் அவர்தான் பத்தடி முன்னால் போவார். "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று பின்னாலிருந்து திலகவதியின் குரல் வரும். ஒருநாளும் அவர் நின்றதில்லை. இப்போதெல்லாம் பூக்கடையைத் தாண்டும்போது வலது கால் தானாகத் தயங்குகிறது.

"நான் மெதுவா நடந்தா வீக்கம் வடியுமுங்களா?"

"வடியும். ஆனா ரொம்ப நாளாகுமுங்க."

"ஆகட்டும்."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். முன்னால் போன இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வலது கால் கிளம்பும்வரை காத்து நின்றார்.