சாயாத கல்

காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கிய அந்தப் பெண், எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த வெள்ளைக் கல்லொன்றைப் பொறுக்கித் துடைத்தாள். பிறகு அதை நாக்கால் நக்கிப் பார்த்தாள்.

அப்போதுதான் பைக்கை நிறுத்திய கண்ணுசாமிக்குத் திக்கென்றது. கல்லை நக்குகிற ஆளை இந்த ஐம்பத்தெட்டு வயதில் இன்றுதான் பார்க்கிறார். இடுப்பில் சுத்தியல், கையில் நோட்டு, கழுத்தில் பூதக்கண்ணாடி வேறு.

அண்ணன் குருசாமி அனுப்பிய ஆள்தான், சந்தேகமே இல்லை. தம்பி இன்று போலீசுக்குப் போவதை மோப்பம் பிடித்து, முந்திக்கொண்டு ஆள் வைத்து அளக்கிறார்!

கண்ணுசாமியின் சட்டைப் பையில் கம்ப்ளைண்ட் மடித்தபடி இருந்தது. 'என் அண்ணன் குருசாமி, வயது அறுபத்தாறு, எல்லைக்கல்லை வருஷா வருஷம் என் நிலத்துக்குள் நகர்த்தி வைக்கிறார்' என்று தொடங்கி மூன்று பக்கம். கல்லை ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்துக் கொடுத்தால், சாயங்காலத்துக்குள் அண்ணன் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதுதான். கூடப்பிறந்த உறவு இன்றோடு அறுந்துவிடும். அறுந்தால் அறுந்து போகட்டும் என்று கிளம்பி வந்திருந்தார்.

"யாரும்மா நீங்க? இங்கன என்ன பண்ணுதீங்க?"

"வணக்கம் அண்ணாச்சி. எம் பேரு செலஸ்டின். தூத்துக்குடியில காலேஜ்ல பாடம் எடுக்கேன். லீவு விட்டா இப்படித்தான், பாறையவும் மண்ணையும் பாத்துட்டுச் சுத்துவேன். காலையில கழுகுமலையில ஏறுனேன். அங்கருந்து மண்ணு எப்படியெல்லாம் மாறுதுன்னு பாத்துக்கிட்டே நாகலாபுரம் போறேன்."

"சும்மா பாக்கதுக்கா?"

"சும்மாதான்."

பெட்ரோல் போட்டு, வேகாத வெயிலில் வந்து, மண்ணைச் சும்மா பார்ப்பார்களாம்! யார் காதில் பூச்சுற்றுகிறாள்?

"கல்ல எதுக்கு நக்குனீங்க?"

"நனைச்சாத்தான் அதோட நெறம் தெரியும், அண்ணாச்சி."

"ஒளிக்காமச் சொல்லுங்க. எங்க அண்ணன்தான அனுப்புனாரு?"

"உங்க அண்ணன் யாருன்னே எனக்குத் தெரியாதே!"

அவள் சிரித்துக்கொண்டே எல்லைக்கல்லின் அருகில் குனிந்தாள். கண்ணுசாமி பாய்ந்து போய்க் குறுக்கே நின்றார்.

"அதத் தொடாதீங்க! அது கேஸுக்குப் போற கல்லு."

"கேஸா? என்ன கேஸு?"

கேட்டதுதான் தாமதம், கண்ணுசாமி பொங்கிவிட்டார்.

"மேட்டு நெலம் அண்ணனுக்கு. ஓடையப் பாத்துச் சரிஞ்சு கெடக்க கீழ் நெலம் எனக்கு. பாகம் பிரிச்ச அன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து நட்ட கல்லு இது. இப்ப என்னடான்னா, மழ முடிஞ்சதும் விடியக்காலம் கடப்பாரையோட வந்து நிக்காரு. என் கண்ணாலயே பாத்தேன். நாலு வருஷமாச்சு, அவரு மூஞ்சியில முழிக்கதில்ல. எம் மக பூங்கொடி கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை வைக்கல."

"என்ன செய்யுதீங்கன்னு அவிய கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"களவாங்குதவன் கிட்டப் போயி, களவாங்குதியான்னு கேப்பாவளா? நீங்களே பாருங்க, தோண்டுன மண்ணு அம்புட்டும் என் பக்கம்தான் கெடக்கு. அந்தா, வேலிக்கல்லு, கரண்டு கம்பம் எல்லாம் ஓடைப் பக்கமாச் சாஞ்சு நிக்கு. இது மட்டும் நட்டுக்கு நிக்கு. ஆள் கை படாமலா இப்படி நிக்கும்?"

செலஸ்டின் வேலிக்கற்களைப் பார்த்தாள். எல்லைக்கல்லைப் பார்த்தாள்.

"கை பட்டிருக்கு, அண்ணாச்சி. அதுல சந்தேகமே இல்ல."

கண்ணுசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காலேஜ் டீச்சர் வாயிலிருந்தே வந்துவிட்டதே! இவளையே சாட்சியாகவும் போட்டுவிடலாம். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அண்ணனின் ஆளாக இருந்தவள் இப்போது இவருடைய ஆளாகிவிட்டாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. எம்புட்டு நகட்டியிருக்காரு?"

அவள் மண்டியிட்டு, கல்லின் மேட்டுப் பக்கம் சுத்தியலால் கொத்திப் பார்த்தாள். மண் பாளம் பாளமாக இறுகிக் கிடந்தது. பிறகு கண்ணுசாமியின் பக்கம் வந்து மண்ணை விலக்கினாள். அங்கே சரளைக்கல் போட்டு, இடித்து மூடிய பழைய குழி ஒன்று தெரிந்தது.

"கரிசல் மண்ணு மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். உப்பி உப்பி அடங்கும்போதெல்லாம் சரிவுப் பக்கமாக் கொஞ்சம் எறங்கிரும். அதுல நட்ட கல்லும் கூடவே சாஞ்சு எறங்கும். யாரும் தொடாம விட்டிருந்தா, இந்தக் கல்லு தன்னால உங்க நெலத்துக்குள்ள வந்திருக்கும்."

"தன்னாலயா?"

"ஆமா. அண்ணன் உங்க பக்கம் தள்ளியிருந்தா பழைய குழி மேட்டுப் பக்கம்லா இருக்கணும்? இங்க உங்க பக்கம் இருக்கு. எறங்கி வந்த கல்லப் பிடுங்கி, குழிய மூடி, மறுபடியும் மேட்டுல ஏத்தி நட்டிருக்கு. ஒரு தடவ இல்ல, பல தடவ."

கண்ணுசாமியின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. அறுபத்தாறு வயதில், மார்கழிப் பனியில், ஒற்றை ஆளாகக் கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்த அண்ணனின் முதுகுதான் கண்ணில் நின்றது.

செலஸ்டின் கைமண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உங்க நெலம் ஒரு சாண்கூடக் கொறையக் கூடாதுன்னு பாடுபட்டிருக்காங்க. அந்தப் புண்ணியவான் மேலயா அண்ணாச்சி கேஸு?"