நூர்னிசாவின் பத்தியம்

"குடல் புத்துநோய் இவிய பக்கத்துலயே வராது டாக்டர். நான் வர விடமாட்டேன். இருந்தாலும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றாள் நூர்னிசா.

ராஜபாளையம் டாக்டர் முன்னால் நாற்காலியில் இருந்தவர் அவள் புருஷன் முத்து முகம்மது. பக்கத்தில் நின்றபடி அவருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

"என்ன சாப்பாடு குடுக்கீங்க?"

"காலையில கம்பங்கூழு. மத்தியானம் முருங்கைக்கீரை, அவரைக்காய். மூணு வருசமா ஆட்டுக்கறிய இவிய கண்ணுல காட்டல. சவூதியிலருந்து தம்பி குடுத்துவிடுற சத்து மாத்திரையும் தவறாமக் குடுக்கேன்."

முத்து முகம்மது பெருமூச்சு விட்டார். பக்ரீத் அன்றைக்கும் அவருக்குக் கீரைதான்.

"மாத்திரை கிடக்கட்டும். சாப்பாடு நல்ல சாப்பாடு. இவ்வளவு கவனம் எதுக்கு?"

"வீட்டுல ஒரு மவுத்தப் பாத்துட்டேனே டாக்டர். இதே நோய்தான் உசுரக் கொண்டுட்டுப் போச்சு."

"யாருக்கு? இவர் அப்பாவுக்கா?"

"இல்ல, என்னையப் பெத்த வாப்பாவுக்கு."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"அப்பாவுக்கு வந்தா, பெத்த பிள்ளைக்குத்தாம்மா பயம் அதிகம். மருமகனுக்கு இல்ல. நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

அதுவரை கணீரென்று பேசியவள் தடுமாறினாள்.

"நானா? பிள்ளைங்க தின்ன பொறவு சட்டியில மிஞ்சுற கறியும் சோறும்தான். வீணாக்க மனசு வராதுல்ல?"

முத்து முகம்மது எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு நூரு. டாக்டர் உன்னையப் பாக்கட்டும். இனிமே கூழு உனக்கு. சட்டிய நான் வழிச்சுக்கிடுதேன்."