முதல் எழுத்து

கிசுமு நகரில் தன்பாலினத்தவர், திருநர்களுக்கான பாலியல் நல உதவி எண்ணில் அபியோவுக்கு வேலை. வாரந்தோறும் தவறாமல் ஒரு தயங்கிய குரல் வரும்; அன்றும் வந்தது.

"அக்கா, எச்.ஐ.வி. டெஸ்ட் எப்போ எடுக்கணும்?"

"எத்தனை தடவை சொல்றது தம்பி? பயப்படாம நேரா வாங்க, யாரும் திட்டமாட்டோம். கடைசியா எப்போ, யார்கூட இருந்தீங்க?"

"இருபத்தாறு வயசாச்சுக்கா. நான் யாரையும் தொட்டதே இல்லை."

"அப்புறம் எதுக்கு டெஸ்ட்? விளையாடுறீங்களா?"

"வேற என்ன கேட்டா பேசுவீங்கன்னு தெரியலைக்கா. நீங்க ஒருத்தர்தான் என்னைத் தம்பின்னு கூப்பிடுறீங்க. வீட்டுல நான் பொண்ணு. பேரு அகெலோ."

அபியோவின் எரிச்சல் அப்படியே அடங்கிப்போனது.

"நீயா உனக்கு என்ன பேர் வச்சிருக்கே?"

"வைக்கலை. கூப்பிட ஆள் இருந்தாத்தானே?"

"நான் கூப்பிடுறேன். சொல்லு."

அவன் யோசித்தான். "நம்ம ஊர்ல பொம்பளைன்னா அகெலோ, ஆம்பளைன்னா ஒகெலோ. முதல் எழுத்துதானேக்கா மாறணும்?"

"அவ்வளவுதான், ஒகெலோ."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை கூப்பிடுங்கக்கா," என்றான் அவசரமாக. "அம்மா வந்துடுவாங்க."