நான்காவது ட்ரோன்

கலசத்துக்கு மேலே குடத்தைச் சாய்த்தபடி அர்ச்சகர் காத்திருந்தார். தீர்த்தம் குடத்தின் விளிம்பு வரை வந்து நின்றது.

கருடன் வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைக்குப் போகும் வழியில் இருக்கிற சின்ன ஆஞ்சநேயர் கோயில். தெரு முழுக்க ஜனம் அண்ணாந்து நின்றது. கும்பாபிஷேகத்தன்று கருடன் வட்டமிடாமல் குடத்தைக் கவிழ்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

கோயிலுக்கு மேலே மூன்று ட்ரோன்கள் மட்டும் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

எதிர் வீட்டு மொட்டைமாடியில் சுபஸ்ரீ லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தாள். நிரல் அவள் எழுதியது. குடம் கவிழ்ந்ததும் ஒரு ட்ரோன் கூட்டத்தின்மேல் தீர்த்தம் தெளிக்க வேண்டும். அதே நேரம் இன்னொன்று விமானத்தின்மேல் பூத்தூவ வேண்டும். மூன்றாவது, இரண்டுக்கும் வழிவிட்டு விலகிப் படம் எடுக்க வேண்டும். யாரும் ரிமோட்டைத் தொட வேண்டியதில்லை.

நான்காவது ஒன்று கரையோரத் தென்னந்தோப்பில் நின்றது. அது ஸ்பேர் என்று கமிட்டியிடம் சொல்லியிருந்தாள்.

தில்லை நகரில் ஒரு மாடியறையில் அவள் தொடங்கிய கம்பெனிக்கு இதுதான் முதல் கோயில்.

பீமராவ் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். நெற்றியில் கோபி சந்தனம், தோளில் ஜரிகை அங்கவஸ்திரம். கமிட்டியில் ட்ரோனே வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள்.

“நான் அன்னிக்கே சொன்னேன். இந்த வண்டுச் சத்தத்துல எதும்மா கிட்ட வரும்?”

“வரும் சார்.”

“எப்ப? லக்னம் தாண்டினப்புறமா? வரலேன்னா மைக்கப் பிடிச்சு நானே சொல்லிடுவேன். இந்த ஊர்க் கோயில் எதுலயும் இனிமே இது பறக்காது.”

கீழே யாரோ “அதோ, அதோ” என்றார்கள். கைகள் குவிந்தன.

“அது புறாங்க.”

“கும்பிட்டது கும்பிட்டதுதான், விடுங்க,” என்றது ஒரு பெண் குரல்.

அர்ச்சகர் குடத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கமிட்டித் தலைவர் கலையரசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார்.

சுபஸ்ரீ ஒரு பட்டனைத் தட்டினாள்.

தோப்பிலிருந்து நான்காவது எழும்பியது. அது எழும்பியதுமே மற்ற மூன்றும் தாமாக இறங்கி மடப்பள்ளிக் கூரையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. அப்படித்தான் எழுதியிருந்தாள்.

வானத்தில் சத்தம் அடங்கியது.

நான்காவது நேராக வரவில்லை. ஆற்று மணலுக்கு மேலே போய்த் தாழ்ந்து, சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகுதான் கோயில் பக்கம் திரும்பியது. விமானத்துக்கு வெகு உயரத்தில் போய் நின்றது. கீழிருந்து பார்த்தால் ஒரு புள்ளி.

அதன் பின்னால் செம்மண் நிறத்தில் இரண்டு இறக்கைகள் வந்தன. வெள்ளைக் கழுத்து.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. துணைக்கு வேறொன்றும் வந்து சேர்ந்தது.

“கோவிந்தா” என்று தெருவே அலறியது. குடம் கவிழ்ந்தது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது நான்காவது மெதுவாக விலகி மாடிக்கு வந்து இறங்கியது. மடப்பள்ளிக் கூரையிலிருந்து மூன்றும் எழும்பின. ஒன்று தெளித்தது. ஒன்று தூவியது. ஒன்று விலகிப் படம் எடுத்தது. கலையரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்த்தமா கண்ணீரா, தெரியவில்லை.

பீமராவும் கைகூப்பித்தான் நின்றார். பிறகு மூக்கைச் சுருக்கினார்.

சுபஸ்ரீ அவசரமாகத் துப்பட்டாவை எடுத்து நான்காவதின்மேல் போட்டாள்.

அவர் குனிந்து, துப்பட்டாவின் முனையை இரண்டு விரலால் தூக்கினார். ட்ரோனின் அடியில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் சின்ன வலைப்பை. அதற்குள் ஒரு மீன்.

சுபஸ்ரீ தெருவைப் பார்த்தாள். கீழே மைக் சும்மாதான் இருந்தது.

பீமராவ் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் ஏறி வரவில்லை. துப்பட்டாவைப் பழையபடி மூடினார்.

“விராலா?” என்றார், குரலை இறக்கி.

தலையாட்டினாள்.

“அதான் இவ்வளவு லேட்டு. இதுங்களுக்கு நான் எப்பவும் கெண்டைதான் வெப்பேன்.”