கயிறு பிடித்த கை

தோணியில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர்.

தோணியை நடத்தும் தண்டல் சந்தியாகு, அதாவது நான். தோணி என்னுடையது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டி எஸ்தாக்கி. முத்துக் குளிக்க மிக்கேல். அவன் கயிற்றைப் பிடிக்க அவன் மனைவியின் அண்ணன் லாசர். ஐந்தாவது, கயித்தான்.

என் தங்கை கித்தேரி தோணியில் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் தோணி ஏறுவதில்லை.

கயித்தான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மறுநுனியைப் பிடிக்க ஆள் இல்லை.

முத்துக் குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். உடன்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான். எங்கள் கடலில் அதுதான் முறை. கல்யாணம் ஆகாதவனுக்குத் தகப்பன் பிடிப்பான். கயித்தானுக்குத் தகப்பனும் இல்லை.

முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயில் வாசலில் அவன் கித்தேரியைப் பெண் கேட்டான். கேட்டது தப்பில்லை. ஊர் பார்க்க, தனியாளாக வந்து கேட்டதுதான் தப்பு. எங்கள் தோணி புறப்பட்ட பிறகே மற்றத் தோணிகள் புறப்படும். அப்படிப்பட்ட வீடு.

"கயிறு பிடிக்க நாதியில்லாதவனுக்கு எங்க வீட்ல பொண்ணு இல்ல" என்றேன்.

கித்தேரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவன் என் தோணியில் வந்து ஏறினான்.

கயிற்றின் மறுநுனியைத் தோணி முளையில் கட்டினான்.

"இதான் என் மச்சான். பேச்சும் கொறச்சல், ரோசமும் கொறச்சல்."

லாசர் சிரித்துவிட்டான்.

நான் சிரிக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். கோபத்தில் தடுக்கவில்லை.

மிக்கேலும் கயித்தானும் குதித்தார்கள்.

காற்றில்லை. அலையில்லை. தொலைவில் ஒல்லாந்தரின் காவல் கப்பல் பாய் சுருட்டி நின்றது.

எஸ்தாக்கியின் மடியில் பித்தளைச் சட்டி. சட்டித் தண்ணீரில் வெள்ளியில் செய்த இரண்டு மீன்கள், வாயோடு வாய் வைத்து. அவை அப்படி இருக்கும்வரை சுறா வாய் திறக்காது.

ஒரு மீன் திரும்பியது.

சட்டியை யாரும் தொடவில்லை.

லாசர் இழுத்தான். மிக்கேல் தோணிக்குள் வந்து விழுந்தான்.

மற்றக் கயிறு முளையில் கிடந்து துடித்தது.

தோணிக்கு அடியில் நீளமாக ஒரு நிழல் போனது.

எஸ்தாக்கி சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முறையுள்ள கை பிடிக்காத கயித்துக்கு என் கட்டு நிக்காது, தண்டலே."

அவர் சொல்லி முடித்தபோது கயிறு என் கையில் இருந்தது.

இழுத்தேன்.

சட்டிக்குள் வெள்ளி மீன் அசைந்தது. மெல்லத் திரும்பியது.

மறுபடி வாயோடு வாய்.

நிழல் விலகிப் போனது.

அவன் தலை மேலே வந்தது. கூடையை விடவில்லை. கூடை நிறையச் சிப்பி.

மூச்சு வாங்கினான். கயிற்றைப் பார்த்தான். அதன் வழியே வந்த பார்வை என் கையில் நின்றது.

முகமெல்லாம் பல்.

"மூஞ்சிக்கு நேரா வந்து நின்னிச்சு, மச்சான். வாயத் தச்சு விட்ட மாதிரி. கொட்டாவிகூட விடல."

"யாருக்குலே மச்சான்?"

"அதக் கயித்த விட்டுட்டுக் கேளுங்க, தண்டலே" என்றான் லாசர்.

நான் விடவில்லை.

தோணி ஆடச் சிரித்தார்கள். எஸ்தாக்கியும் சிரித்தார். மந்திரம் சொல்லும் அந்த வாய் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கரையில் கித்தேரி முழங்கால் தண்ணீரில் நின்றாள். எங்கள் ஐந்து தலைகளையும் எண்ணினாள்.

"அண்ணே, கயிறு யாரு பிடிச்சது?"

ஐந்து நாளில் முதல் பேச்சு.

அவளே என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். குறுக்கே சிவப்பாக ஒரு கோடு.

எங்கள் வீட்டுப் பெண்கள் கரையில் வாய்விட்டுச் சிரிப்பதில்லை.

சிரித்தாள்.

நான் அதட்டவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் இருவர் பெயரையும் சொல்லி முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். சாமியார் கயித்தானின் பெயரை இரண்டு முறை வாசித்துவிட்டார். அவன் இரண்டு முறையும் எழுந்து நின்றான்.

அந்த வருஷ முத்துக்குளிப்பு முடியும்வரை அவன் கயிற்றை நானே பிடித்தேன். தண்டல் கயிறு பிடிக்கும் வழக்கம் இல்லை. பிடித்தேன்.

மீன் ஏன் திரும்பியது என்பது எஸ்தாக்கிக்கும் கடலுக்கும் உள்ள விஷயம். அதில் நான் தலையிடுவதில்லை.

ஆனால் ஒன்று. கடல்கட்டி சொன்ன பிறகுதான் நான் கயிற்றை எடுத்தேன், மந்திரத்துக்குப் பயந்துதான் பெண்ணைக் கொடுத்தேன் என்று கரையில் பேசுகிறார்கள்.

தவறு.

அவர் வாய் திறக்கும் முன்பே பிடித்துவிட்டேன்.